ஹாங்காங் டாலர்: மூன்று வங்கிகள் எழுதிக் கொடுத்த புரோநோட்டு

ஹாங்காங் போய் வந்த நண்பர் ஒருவர் மிச்சம் பிடித்துக் கொண்டுவந்த மூன்று நூறு டாலர் நோட்டுகள் என் மேஜைமேல் கிடக்கின்றன. மூன்றும் ஒரே சிவப்பு. மூன்றின் பின்பக்கத்திலும் கான்டோனிய இசைநாடகக் காட்சி. முன்பக்கம் திருப்பினால்தான் வித்தியாசம் தெரிகிறது. ஒன்றில் சிங்கத் தலையும் ஹெச்எஸ்பிசி வங்கியின் பெயரும். அடுத்ததில் சீனப் புராணத்து விலங்கு ஒன்று, ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கி. மூன்றாவதில் வானளாவிய கோபுரம், பேங்க் ஆஃப் சைனா. மூன்றில் எதையுமே அரசாங்கம் வெளியிடவில்லை.

நம் பர்ஸில் இருக்கும் எல்லா நோட்டிலும் ரிசர்வ் வங்கியின் பெயரையே பார்த்துப் பழகிய நமக்கு இது விநோதமாகத்தான் இருக்கும். கடன் கொடுக்கிற, டெபாசிட் வாங்குகிற, பங்குச் சந்தையில் விலைபோகிற ஒரு வணிக வங்கி எப்படி ஊருக்கே பணம் அடிக்கலாம்? ஆனால் ஹாங்காங்கில் 20, 50, 100, 500, 1000 டாலர் நோட்டுகளை இந்த மூன்று வங்கிகள்தான் வெளியிடுகின்றன. 10 டாலர் நோட்டு மட்டும் அரசாங்கத்தினுடையது. நம் ஊரிலும் ஒரு ரூபாய் நோட்டு தனிச் சாதி. அதை வெளியிடுவது மத்திய அரசு, கையெழுத்து நிதித்துறைச் செயலருடையது. மற்ற நோட்டுகளில் ரிசர்வ் வங்கி ஆளுநர் எழுதித் தரும் வாக்குறுதி அதில் இருக்காது.

அந்த வாக்குறுதியில்தான் விஷயமே இருக்கிறது. சிங்கத் தலை போட்ட நோட்டில் இருக்கும் வாசகத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: இந்த நோட்டைக் கொண்டுவருபவர் கேட்டவுடன், இங்குள்ள தன் அலுவலகத்தில், நூறு ஹாங்காங் டாலர் தருவதாக வங்கி உறுதி கூறுகிறது. நம் ஊரில் இதற்குப் பெயர் புரோநோட்டு. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்துப் போட்டு, "கேட்கும்போது தருகிறேன்" என்று எழுதிக் கொடுக்கிறோமே, அதே சமாச்சாரம். ரூபாய் நோட்டு, டாலர் நோட்டு என்று சொல்லும்போது அந்த 'நோட்டு' என்ற சொல்லிலேயே கடன் பத்திரம் என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எழுதிக் கொடுத்த வங்கி கடனாளி. பையில் வைத்திருக்கும் நாம் கடன் கொடுத்தவர்கள். வட்டி கிடையாது, மூன்று வருடக் கெடு கிடையாது, அவ்வளவுதான் வேறுபாடு.

புரோநோட்டு வாங்குகிறவர் எழுதித் தருகிறவரின் முகத்தைப் பார்த்து, வீடு வாசல் நிலம் உண்டா என்று விசாரித்துத்தான் வாங்குவார். மீன் விற்று நூறு டாலர் நோட்டு வாங்கும் பெண்மணி வங்கியின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துவிட்டா வாங்குகிறார்? ஆகவே தனியார் வங்கி நோட்டு அடிக்கலாமா என்ற கேள்வியைவிட, வங்கி கைவிரித்தால் அந்தப் பெண்மணிக்கு யார் கொடுப்பார்கள் என்ற கேள்வியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாகப் பல ஊர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் தேடியிருக்கின்றன. சில ஊர்கள் அடிபட்டபிறகு தேடின.

அடிபட்ட ஊர்களில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் இலங்கை. ஹாங்காங்கில் முதன்முதலாக நோட்டு வெளியிட்டது ஓரியண்டல் வங்கி. பம்பாயில் 1842-ல் வேறொரு பெயரில் தொடங்கி, பிறகு லண்டனுக்கு இடம் மாறி, 1851-ல் அரச சாசனம் பெற்று ஓரியண்டல் பேங்க் கார்ப்பரேஷன் ஆன நிறுவனம். இலங்கையிலும் இதன் நோட்டுகள்தான் பெருமளவில் புழங்கின. காப்பித் தோட்டங்களுக்கு இந்த வங்கி தாராளமாகக் கடன் கொடுத்தது. 1869-ல் காப்பிச் செடியில் இலைநோய் தென்பட்டது. அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களில் மலைநாட்டுத் தோட்டங்கள் வரிசையாக நொடித்தன. காப்பி பறிக்கத் தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்கள் பலர் வேலையில்லாமல் ஊர் திரும்பினார்கள். கடன் வாங்கிய தோட்டக்காரர் திருப்பித் தர வழியில்லை. 1884 மே மாதம் 3-ஆம் தேதி வங்கி கதவைச் சாத்தியது.

டெபாசிட் போட்டவர்களின் நிலை வேறு. அவர்களாவது வங்கியைத் தேடிப்போய், தெரிந்தே பணம் போட்டவர்கள். நோட்டு வைத்திருந்தவர்கள் யார்? கூலியாக வாங்கியவர், அரிசி விற்று வாங்கியவர், மகள் கல்யாணத்துக்கென்று பெட்டிக்குள் மடித்து வைத்தவர். காலையில் காசாக இருந்தது மாலையில் வெறும் காகிதம் ஆகிவிடும் என்ற நிலை. இலங்கையின் பிரிட்டிஷ் ஆளுநர் ஆர்தர் கார்டன் அப்போது துணிந்து ஒரு காரியம் செய்தார். ஓரியண்டல் வங்கியின் நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தார். சட்டப்படி அது அரசின் கடனே அல்ல. ஆனாலும் ஏற்றுக்கொண்டார். அதே ஆண்டு காகிதப் பணச் சட்டம் வந்தது. 1885-லிருந்து இலங்கையில் நோட்டு அடிக்கும் வேலையை அரசு நியமித்த ஆணையர்கள் எடுத்துக்கொண்டார்கள். வணிக வங்கிகளுக்கு அந்த வேலை அத்தோடு போயிற்று.

இந்தியாவில் அந்த மாற்றம் அதற்கும் முன்பே வந்துவிட்டது. வங்காள வங்கி, பம்பாய் வங்கி, 1843-ல் தொடங்கிய மெட்ராஸ் வங்கி மூன்றும் தங்கள் பெயரில் நோட்டு வெளியிட்டுக்கொண்டிருந்தன. 1861-ஆம் ஆண்டின் காகிதப் பணச் சட்டம் அந்த உரிமையைப் பறித்து அரசிடம் கொடுத்தது. அந்த மூன்று வங்கிகளும் 1921-ல் இம்பீரியல் வங்கியாக இணைந்து, 1955-ல் ஸ்டேட் வங்கி ஆனது எல்லோருக்கும் தெரிந்த கதை. மெட்ராஸ் வங்கி நோட்டு என்று ஒன்று நம் தாத்தாக்களின் தாத்தா கையில் புழங்கியிருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாது.

ஹாங்காங் மட்டும் ஏன் வேறு வழியில் போனது? அது ஒரு துறைமுகம். வியாபாரிகள் கட்டிய ஊர். அங்கே மதிப்பு வெள்ளிக்குத்தான், அதிலும் மெக்சிகோ வெள்ளி டாலருக்கு. மூட்டை மூட்டையாக வெள்ளியைத் தூக்கித் திரிவதைவிட, அந்த வெள்ளி வங்கியில் இருக்கிறது என்று சொல்லும் காகிதம் சௌகரியம். இன்றைய ஸ்டாண்டர்டு சார்ட்டர்டின் முன்னோடியான சார்ட்டர்டு வங்கி 1862-ல் நோட்டு வெளியிட ஆரம்பித்தது. 1865-ல் உள்ளூர் வியாபாரிகள் சேர்ந்து தொடங்கிய ஹாங்காங் அண்ட் ஷாங்காய் வங்கியும், அதாவது இன்றைய ஹெச்எஸ்பிசியும், சேர்ந்துகொண்டது. ஓரியண்டல் விழுந்தபோதும் இவை நின்றன. நின்றவர்களிடமிருந்து உரிமையைப் பிடுங்கவேண்டிய அவசியம் அரசுக்கு வரவில்லை.

1930-களில் வெள்ளியே காலை வாரியது. அமெரிக்கா உலகச் சந்தையில் வெள்ளியை வாங்கிக் குவிக்க, விலை ஏறி, சீனாவிலிருந்து வெள்ளி வெளியே ஓடியது. 1935 நவம்பரில் சீனா வெள்ளியைக் கைவிட்டது, ஹாங்காங்கும் பின்னாலேயே விட்டது. அப்போது செய்த ஏற்பாடுதான் இன்றைய முறையின் வேர். வங்கிகள் தங்களிடம் இருந்த வெள்ளியை அரசின் செலாவணி நிதியில் ஒப்படைத்தன. அரசு அதற்கு ஈடாகக் கடன் சான்றிதழ் கொடுத்தது. இனிமேல் ஒரு டாலர் நோட்டு அடிக்கவேண்டுமானால், அதற்குரிய ஈட்டைச் செலாவணி நிதியில் கட்டிச் சான்றிதழ் வாங்கிவிட்டுத்தான் அடிக்கவேண்டும். நோட்டில் வங்கியின் பெயர், பெட்டிச் சாவி அரசின் கையில்.

ஆறே வருடத்தில் இதற்கு ஒரு கொடுமையான சோதனை வந்தது. 1941 கிறிஸ்துமஸ் அன்று ஹாங்காங் ஜப்பானியரிடம் விழுந்தது. ஹாங்காங் அண்ட் ஷாங்காய் வங்கியின் பெட்டகத்தில் அடித்து வைத்து, இன்னும் வெளியிடாத நோட்டுகள் கட்டுக்கட்டாக இருந்தன. வெளியிடவில்லை என்றால் கையெழுத்து இல்லை, சான்றிதழ் இல்லை, ஈடு இல்லை. சட்டப்படி அவை அழகாக அச்சிட்ட காகிதம், அவ்வளவே. ஜப்பானியர் வங்கி அதிகாரிகளைக் கொண்டுவந்து உட்கார்த்தி, நோட்டுகளில் கையெழுத்துப் போட வைத்தார்கள். ஒவ்வொரு கையெழுத்தும் ஈடு இல்லாத புரோநோட்டு. ஏறக்குறைய 11 கோடியே 90 லட்சம் டாலர் மதிப்புக்கு இப்படி வெளியே போனது. வங்கித் தலைவர் வாண்டலூர் கிரேபர்ன் 1943-ல் ஸ்டான்லி சிறையில் இறந்தார்.

யோசித்துப் பாருங்கள். போர் முடிந்த 1945-ல் ஒரு கடைக்காரரிடம் அந்தக் கட்டாய நோட்டு ஒன்று இருக்கிறது. தாள் அதே தாள், அச்சு அதே அச்சு, கையெழுத்தும் உண்மையான அதிகாரியின் கையெழுத்துதான். வரிசை எண் மட்டும்தான் காட்டிக்கொடுக்கிறது. இன்ன எண்ணிலிருந்து இன்ன எண் வரை கட்டாய நோட்டு என்று தெரிந்தபின், சந்தையில் அவற்றை முகமதிப்பைவிட மலிவாகத்தான் வாங்கினார்கள். ஒரே ஊரில், ஒரே வங்கியின் பெயர் போட்ட இரண்டு நூறு டாலர் நோட்டுக்கு இரண்டு விலை.

வங்கி மறுத்திருக்கலாம். துப்பாக்கி முனையில் போட்ட கையெழுத்து எந்தக் கோர்ட்டிலும் நிற்காது. ஆனால் அப்படி மறுத்தால் அடி யாருக்கு? கையெழுத்து வாங்கிய ராணுவம் சரக்கை வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தாயிற்று. காகிதம் கடைசியாக வந்து தங்கியது ஊர்க்காரர்களின் கையில். அரசுடன் பேச்சுவார்த்தை நடத்தி 1946-ல் கட்டாய நோட்டுகளையும் முழு மதிப்புக்கு ஏற்பதாக வங்கி அறிவித்தது. இதில் வியாபாரக் கணக்கும் இருந்திருக்கும், இல்லாமல் இருக்காது. பெயர் போட்ட நோட்டை மறுத்த வங்கியின் அடுத்த நோட்டை எவர் நம்பி வாங்குவார்? ஆனாலும் இந்த முடிவை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன். இலங்கையில் தன் கடன் அல்லாததை ஓர் ஆளுநர் ஏற்றார். இங்கே தன் விருப்பத்தோடு எழுதித் தராத கடனை ஒரு வங்கி ஏற்றது. இரண்டிலும் காப்பாற்றப்பட்டவர், கணக்கு வழக்கு தெரியாமல் நோட்டைக் கைநீட்டி வாங்கிய ஆள்.

அப்புறம் வந்தது 1965. பிப்ரவரி மாதம் சில சீன வங்கிகளின் வாசலில் டெபாசிட்தாரர்கள் முண்டியடித்தார்கள். ஆளாளுக்குப் பணத்தை எடுத்துத் தலையணைக்குள் வைத்துக்கொள்ள, ஊரில் நோட்டே பற்றாக்குறை. ஒரு நாளைக்கு 100 டாலருக்கு மேல் எடுக்கக்கூடாது என்று அரசு கட்டுப்பாடு போட்டது. லண்டனிலிருந்து விமானத்தில் பவுண்டு நோட்டுகளை வரவழைத்து, அவையும் இங்கே செல்லும் என்று அறிவித்தது. அந்தக் கலவரத்தில் ஆட்டம் கண்ட ஹாங் செங் வங்கியின் பெரும்பங்கை ஹாங்காங் அண்ட் ஷாங்காய் வங்கி வாங்கிக்கொண்டது.

இதைவிட ஆபத்தான ஓட்டை ஒன்று 1972-க்குப் பிறகு விழுந்தது. அதுவரை நோட்டுக்கு ஈடாகப் பவுண்டு கட்டவேண்டும், 16 டாலருக்கு ஒரு பவுண்டு என்ற கணக்கு நெடுங்காலம் இருந்தது. பவுண்டே தள்ளாட ஆரம்பித்ததும் அந்தப் பிணைப்பை அறுத்தார்கள். அதன்பின் நோட்டு அடிக்கும் வங்கிகள் ஈடாகக் கட்டியது என்ன தெரியுமா? அரசின் கணக்கில் ஹாங்காங் டாலரையே வரவு வைத்தன. அதாவது புரோநோட்டுக்கு ஈடாக இன்னொரு புரோநோட்டு. சான்றிதழ் இருந்தது, சடங்கு இருந்தது, பெட்டிக்குள் வெளிச் சரக்கு எதுவும் சேரவில்லை.

நல்ல காலத்தில் இது யார் கண்ணிலும் படவில்லை. 1983-ல் ஹாங்காங்கின் எதிர்காலம் பற்றி பிரிட்டனும் சீனாவும் நடத்திய பேச்சு இழுபறியானது. மக்களுக்கு, பிரிட்டிஷ் ஆட்சி முடியவிருந்த 1997-ஐ நினைத்துப் பயம். செப்டம்பர் 24, சனிக்கிழமை, ஒரு அமெரிக்க டாலருக்கு 9.60 ஹாங்காங் டாலர் என்ற அளவுக்கு மதிப்பு சரிந்தது. கடைகளில் அரிசி, எண்ணெய், கழிப்பறைக் காகிதம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனார்கள். கையில் இருந்த நோட்டு நல்ல நோட்டுதான், வெளியிட்ட வங்கியும் திடமாகத்தான் இருந்தது. வங்கி சொன்னபடி நூறு டாலர் கேட்டால் நூறு டாலர் கொடுக்கும். ஆனால் அந்த நூறு டாலரின் பொருள் என்ன என்று சொல்ல ஆள் இல்லை.

மூன்று வாரத்தில் அரசு பழைய முறைக்குத் திரும்பியது, பவுண்டு இருந்த இடத்தில் அமெரிக்க டாலரை வைத்து. ஜான் கிரீன்வுட் என்ற பொருளாதார நிபுணர் எழுதிவந்த யோசனைக்கு அதில் பெரும்பங்கு உண்டு. 1983 அக்டோபர் 17 முதல், 7.80 ஹாங்காங் டாலர் நோட்டு வெளியிடவேண்டுமானால் வங்கி ஒரு அமெரிக்க டாலரைச் செலாவணி நிதியில் கட்டவேண்டும். நோட்டைத் திருப்பிக் கொண்டுவந்தால் அதே கணக்கில் டாலரைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இன்றுவரை இதுதான் நடைமுறை. இப்போது சந்தை விலை 7.75-க்கும் 7.85-க்கும் இடையில் நிற்கும்படி, ஹாங்காங்கின் மத்திய வங்கி போன்ற நாணய ஆணையம் பார்த்துக்கொள்கிறது. அந்த ஆணையமே 1993-ல்தான் பிறந்தது.

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஹெச்எஸ்பிசி 78 கோடி ஹாங்காங் டாலருக்குப் புது நோட்டு வெளியிட நினைக்கிறது. 10 கோடி அமெரிக்க டாலரைக் கொண்டுபோய்க் கட்டுகிறது. அதற்குக் கிடைப்பது வட்டி இல்லாத சான்றிதழ். கட்டிய அமெரிக்க டாலரை முதலீடு செய்து வருமானம் பார்ப்பது செலாவணி நிதி. ஆக, நோட்டு அடித்து லாபம் கொழிப்பது வங்கி என்று பலர் நினைப்பது தவறு. காகிதத்தை அச்சடித்துக் கடன் கொடுத்துப் பணக்காரராகும் வழி இதில் அடைபட்டிருக்கிறது. வங்கிக்கு மிஞ்சுவது பெயர். ஊரில் ஒவ்வொருவர் பையிலும் தன் சிங்கம் உட்கார்ந்திருப்பதைவிடப் பெரிய விளம்பரம் வேறென்ன வேண்டும்?

ஒரு குறையையும் சொல்லவேண்டும். 7.80 என்ற அந்த விலைக்கு நோட்டைக் கொடுத்து டாலர் வாங்கும் உரிமை நோட்டு வெளியிடும் வங்கிகளுக்கு மட்டுமே. மீன் விற்கும் பெண்மணி செலாவணி நிதியின் கதவைத் தட்ட முடியாது. அவருக்கு அந்தப் பாதுகாப்பு சந்தை வழியாகச் சுற்றித்தான் வந்து சேர்கிறது. இத்தனை வருடம் ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறது என்பது வேறு விஷயம்.

மூன்றாவது வங்கி எப்படி வந்தது என்பதில் அரசியல் வெளிப்படையாகத் தெரியும். ஹாங்காங் கைமாற மூன்று வருடம் இருக்கையில், 1994 மே மாதம், பேங்க் ஆஃப் சைனா நோட்டு வெளியிட ஆரம்பித்தது. பிரிட்டிஷ் வணிகம் கட்டிய இரண்டு பெயர்களுக்குப் பக்கத்தில் பெய்ஜிங்கின் பெயரும் பைக்குள் வந்தது. தகுதியுள்ள வங்கிகளுக்கு நோட்டு வெளியிடும் அதிகாரம் தரலாம், வெளியிடும் நோட்டுக்கு 100 சதவீதம் ஈடு இருக்கவேண்டும் என்ற இரண்டையும், 1997-க்குப் பிந்தைய ஹாங்காங்குக்காக 1990-லேயே இயற்றிய அடிப்படைச் சட்டத்தின் 111-ஆவது பிரிவு எழுதிவைத்திருந்தது. பக்கத்து மக்காவிலும் 1995-லிருந்து இதேபோல ஒரு போர்த்துகீசிய வங்கியும் பேங்க் ஆஃப் சைனாவும் சேர்ந்து நோட்டு வெளியிடுகின்றன.

உலகில் இப்படி மிச்சம் இருக்கும் இன்னொரு பெரிய இடம் பிரிட்டன். ஸ்காட்லாந்தில் மூன்று வங்கிகள், வட அயர்லாந்தில் மூன்று வங்கிகள் தங்கள் பெயரில் பவுண்டு நோட்டு அடிக்கின்றன. எடின்பரோவில் வாங்கிய நோட்டை லண்டன் கடையில் நீட்டினால் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், சில கடைகளில் வேண்டாம் என்றும் சொல்வார்கள். சட்டப்படி அவர்கள் வாங்கித்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயமில்லை. ஸ்காட்லாந்திலேயேகூட அந்த நோட்டுகளுக்குச் சட்டபூர்வப் பணம் என்ற அந்தஸ்து கிடையாது. ஹாங்காங்கின் மூன்று வங்கி நோட்டுகளுக்கு அந்த அந்தஸ்து உண்டு. ஆனாலும் ஸ்காட்லாந்து மக்கள் முந்நூறு வருடமாக அவற்றைத்தான் பெருமையாகப் புழங்குகிறார்கள். இந்த வங்கிகளும் ஈடு வைக்கவேண்டும். அதில் பெரும்பகுதி பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் 10 லட்சம் பவுண்டு, 10 கோடி பவுண்டு முகமதிப்புள்ள ராட்சத நோட்டுகளாகக் கிடக்கிறது. வெளியே ஒருபோதும் வராத நோட்டுகள் அவை.

புரோநோட்டு என்பது எழுதியவரின் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு பெல்ஃபாஸ்டில் நடந்தது ஒன்றைச் சொல்லவேண்டும். 2004 டிசம்பரில் நார்தர்ன் வங்கியின் தலைமையகத்திலிருந்து 2 கோடியே 65 லட்சம் பவுண்டை ஒரு கும்பல் அள்ளிக்கொண்டு போனது. அதில் பெரும்பகுதி அந்த வங்கியே வெளியிட்ட நோட்டு. வங்கி என்ன செய்தது? புழக்கத்தில் இருந்த தன் நோட்டுகளில் 10 பவுண்டும் அதற்கு மேலும் மதிப்புள்ளவை மொத்தத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டு, நிறம் மாற்றிப் புது நோட்டு கொடுத்தது. பழைய நோட்டு வைத்திருந்த சாதாரண மக்கள் கவுண்டரில் போய் மாற்றிக்கொண்டார்கள். திருடியவர்கள் அதைக் கொண்டுபோய் நீட்ட முடியுமா?

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 ஆகஸ்ட் 1-ஆம் தேதி ஹாங்காங்கில் ஸ்டேபிள்காயின் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒரு நாணயத்தின் மதிப்போடு கட்டிப்போட்ட டிஜிட்டல் பணத்தைத் தனியார் நிறுவனங்கள் வெளியிட, நாணய ஆணையம் உரிமம் தரும். தாள் போய் செயலி வந்திருக்கிறது, வங்கி அல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் சட்டம் விதிக்கும் நிபந்தனைகளைப் படித்தபோது எனக்குக் கொழும்பும் 1884-ம்தான் நினைவுக்கு வந்தன. வெளியிட்ட ஒவ்வொரு காசுக்கும் முழு ஈடு தனியாக ஒதுக்கி வைத்திருக்கவேண்டும். வைத்திருப்பவர் திருப்பிக் கேட்டால் முகமதிப்புக்குக் கொடுக்கவேண்டும்.